எண்ணெய் தேய்த்தால் ஒட்டுதல் வருமா?

பிப்ரவரி 3, மாலை 4.10 (கேள்வி)

முதல் குழந்தை, ஏழு வாரம். தினமும் மசாஜ் செய்தால் எடை கூடும், நன்றாகத் தூங்கும், பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் ஒட்டுதல் வளரும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். இரண்டு வாரமாகச் செய்கிறேன். கை வைத்ததும் வீறிடுகிறான். என் கையே அவனுக்குப் பிடிக்கவில்லையோ என்று நானும் சேர்ந்து அழுகிறேன். இதில் நிஜமாகவே பலன் உண்டா, இல்லை எல்லாரும் சொல்வதால் எல்லாரும் செய்கிறோமா?

பிப்ரவரி 3, இரவு 11.35

பால் குடித்து எவ்வளவு நேரம் கழித்துச் செய்கிறீர்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

நான் அப்பா. இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு ஆறு வயது, குறைமாதத்தில் பிறந்தவன். சின்னவள் நிறைமாதம், இன்றோடு ஐந்து வாரம். அவளும் முதல் நான்கு நாள் இப்படித்தான் வீறிட்டாள். வயிறு நிறைந்திருந்தால் நல்ல மனநிலையில் இருப்பாள் என்று கணக்குப் போட்டு, பால் குடித்த கையோடு படுக்க வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மூக்கு முட்டச் சாப்பிட்ட நம்மை யாராவது மல்லாத்தி வயிற்றை அமுக்கினால் நாமும் வீறிடுவோம். முக்கால் மணி, ஒரு மணி நேரம் விடுங்கள். பசிக்கு முன்னாலும் வேண்டாம், தூக்கக் கலக்கத்திலும் வேண்டாம். நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. விழித்திருப்பான், எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பான். அதுதான் நேரம். ஐந்து நிமிடம் கிடைத்தாலே பெரிது.

இன்னொன்று, கை சில்லென்று இருக்கிறதா பாருங்கள். எனக்கு இருந்தது.

"பிடிக்கவில்லையோ" என்ற கேள்விக்கு நாளை எழுதுகிறேன். அதற்குப் பெரியவன் கதை வேண்டும்.

பிப்ரவரி 4, இரவு 10.50

பெரியவன் 33 வாரத்தில் பிறந்தான். 1,740 கிராம். நான் அவனை முதல்முறை தொட்டது இன்குபேட்டரின் வட்டத் துவாரம் வழியாக. முழங்கை வரை கழுவிக் காயவைத்த கையை உள்ளே விட்டு, அவன் தொடையை விரல் நுனியால் லேசாக வருடினேன். உடம்பே தூக்கிப்போட்டது. பத்து விரலும் நட்சத்திரம் போல விரிந்தன. மானிட்டர் கத்தியது. கையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்றுவிட்டேன்.

நர்ஸ் வந்தார். "தடவாதீங்க, கூசும். சும்மா கை வைங்க."

ஒரு உள்ளங்கை தலை மேல். இன்னொன்று மடங்கிய கால்களுக்குக் கீழே. அசைக்கக் கூடாது. அவன் கால் என் உள்ளங்கையை ஒருமுறை உதைத்தது. அப்புறம் இன்னொரு முறை. சுவர் இருக்கிறதென்று தெரிந்துகொண்ட மாதிரி அடங்கிவிட்டது. வயிற்றுக்குள்ளேயே இருந்திருந்தால் அந்த வாரத்தில் எந்தப் பக்கம் உதைத்தாலும் அவனுக்கு ஒரு சுவர் இருந்திருக்கும். வெளியே வந்ததும் அது போய்விட்டது.

பிறகு அவனைச் சட்டையில்லாத என் மார்போடு வைத்துக் கட்டிவிட்டார்கள். கங்காரு முறை என்பார்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் தவித்தபோது எட்கர் ரெய் என்ற மருத்துவர் 1978இல் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க நடக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் மகன் அழுவது உங்கள் கையைப் பற்றிய தீர்ப்பு இல்லை. தொட்ட விதம், நேரம், குளிர் என்று ஏதோ ஒன்று. என் மகன் உடம்பு தூக்கிப்போட்டபோது நானும் உங்களைப் போலத்தான் எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 6, காலை 6.20

எடை கூடும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் அமெரிக்காவின் மயாமியிலிருந்து. டிஃபனி ஃபீல்ட் என்ற உளவியலாளரும் குழுவும் 1986இல் வெளியிட்ட ஆய்வு. குறைமாதக் குழந்தைகள் 40 பேர், அதில் பாதிப் பேருக்கு மட்டும் மசாஜ். பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று முறை, பத்து நாள். தடவுவதோடு கை கால்களை மெதுவாக மடக்கி நீட்டுவதும் உண்டு. மசாஜ் பெற்றவர்களுக்கு ஒரு நாளின் எடையேற்றம் மற்றவர்களைவிட 47 சதவீதம் கூடுதல். ஆறு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். இத்தனைக்கும் அவர்கள் கூடுதலாகப் பால் குடிக்கவில்லை. அதுதான் எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது.

பெரியவன் உள்ளே இருந்தபோது இதை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கே இல்லை. 47, 47 என்று ஜபம் மாதிரி.

பிப்ரவரி 6, இரவு 9.40

காலையில் எழுதியதைப் படித்தால் நானே மசாஜ் வகுப்புக்கு ஆள் சேர்க்கிற மாதிரி இருக்கிறது. பாக்கியையும் சொல்லிவிடுகிறேன்.

அது 40 குழந்தைகள். எல்லாரும் குறைமாதம், ஆனால் உடல்நிலை சீராகிவிட்டவர்கள். கேள்வி கேட்டவரின் மகன் நிறைமாதமாகத்தான் இருக்க வேண்டும், குறைமாதம் என்று அவர் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட ஆரோக்கியமான குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2013இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று வந்தது. 34 ஆய்வுகளை எடுத்தார்கள், அதில் 20 ஆய்வுகள் ஒருசார்பாக இருக்கும் அபாயம் அதிகம் என்று ஒதுக்கிவைக்க வேண்டியிருந்தது. நல்லபடியாக வளரும் குழந்தைகள் எல்லாருக்கும் இதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். கெடுதல் என்று சொல்லவில்லை. நாம் நினைக்கிற அளவுக்கு நிரூபணம் இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் நான் ஏன் தினமும் செய்கிறேன்? தெரிந்துதான் செய்கிறேன். காரணம் எடை இல்லை.

பிப்ரவரி 6, இரவு 9.55

எலும்பு பலப்படுமா என்று கேட்டவருக்கு: எலும்பு பலத்தை உங்கள் கட்டைவிரலிடம் கேட்காதீர்கள். வைட்டமின் டி பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

பிப்ரவரி 11, மதியம் 2.15

இன்று ஒரு வேலை பார்த்தேன். மகள் தூங்கும்போது பெரியவனின் ஸ்கேலை எடுத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளந்தேன். ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். மனைவி கதவருகே நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். ஆறு வருடப் பழக்கம்.

காரணம் இது. நம் தோலில், முடியுள்ள பகுதிகளில், மெதுவான வருடலுக்கென்றே ஒரு வகை நரம்பிழைகள் இருக்கின்றன. சி-டாக்டைல் இழைகள் என்பார்கள். எங்கே தொட்டார்கள், எவ்வளவு கூர்மை என்ற தகவல் வேறு நரம்புகளின் வேலை. இவை அந்தத் தொடுகை இதமா என்ற பக்கத்தைக் கவனிப்பவை. ஸ்வீடனில் ஹோகன் ஊலவ்சன் போன்றவர்கள் பல வருடமாக ஆராய்கிறார்கள். 2009இல் வந்த ஆய்வில், வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போதுதான் இவை நன்றாகத் துடிக்கின்றன, மனிதர்களும் அந்த வேகத்தைத்தான் இதமாக உணர்கிறார்கள் என்று கண்டார்கள். ஏறத்தாழ 3 சென்டிமீட்டரில் உச்சம். அதைவிட வேடிக்கை, 2016இல் பெற்றோர்களிடம் "உங்கள் குழந்தையைத் தடவிக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிப் பார்த்தார்கள். யாரும் சொல்லித் தராமலே அவர்கள் கை அந்த வேகத்துக்குள் போய் நின்றது.

என் கை நிற்கவில்லை. 18 சென்டிமீட்டர் என்றால் ஆறு வினாடி ஆக வேண்டும். நான் ஒரே வினாடியில் இடுப்பிலிருந்து பாதம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தேன். பாத்திரம் தேய்க்கிற வேகம். வேலை முடிக்க வேண்டும் என்ற எண்ணம் கையில் இருந்திருக்கிறது.

மாலையில் மனதுக்குள் ஆறு எண்ணிக்கொண்டே செய்தேன். நான்கு வரும்போது கை தானாக ஓடப் பார்த்தது. மூன்றாவது முறை அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. நாலாவது முறை கால் கனத்தது. அதாவது, அதுவரை அவளே பிடித்து வைத்திருந்த காலை என் கையில் விட்டுவிட்டாள்.

பிப்ரவரி 12, காலை 7.05

"அன்று தடவாதே என்றீர்கள், நேற்று மெதுவாகத் தடவு என்கிறீர்கள், எதைக் கேட்பது?" நியாயமான கேள்வி. இரண்டு விஷயத்தைக் குழப்பிவிட்டேன்.

வேகம் வேறு, அழுத்தம் வேறு. ஸ்வீடன் கணக்கு வேகத்துக்கு, அதுவும் மென்மையான வருடலுக்கு. ஃபீல்ட் குழுவினர் 2006இல் குறைமாதக் குழந்தைகளில் மெல்லிய வருடலையும் மிதமான அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எடை கூடியது மிதமான அழுத்தத்துக்குத்தான். விரல் நுனி கூச்சம் காட்டும், உள்ளங்கை காட்டாது. நான் வைத்திருக்கிற விதி: உள்ளங்கை முழுவதும் படிய வேண்டும், தோல் லேசாக நகர வேண்டும், சிவக்கக் கூடாது. ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் அசைக்காமல் கை வைப்பதில் ஆரம்பியுங்கள். குறைமாதக் குழந்தை என்றால் வார்டில் இருப்பவர்கள் காட்டிக்கொடுத்த பிறகு மட்டும்.

பிப்ரவரி 15, இரவு 11.10

இன்று கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன். டயபர் மாற்றும் மேசை மேலேயே மசாஜ் செய்வேன், முதுகு வலிக்காது என்று. முடித்துவிட்டு அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். வழுக்கினாள். ஒரு சாண் இருக்கும். மேசை மேலேயே, துண்டு மேலேயே விழுந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அழக்கூட இல்லை. திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். எனக்குத்தான் காலில் பலம் போய்விட்டது.

இனி தரையில்தான். விரிப்பு, அதன் மேல் துண்டு, நான் சுவரில் சாய்ந்து கால் நீட்டி, அவள் என் தொடைகளுக்கு நடுவே, முகம் என்னைப் பார்த்து. இதில் ஒரு லாபம் இருக்கிறது. பிறந்த சில வாரங்களில் குழந்தைக்குத் தெளிவாகத் தெரிகிற தூரம் 20, 30 சென்டிமீட்டர்தான். மேசை முன்னால் நிமிர்ந்து நிற்கும்போது அவளுக்கு நான் ஒரு மங்கலான தூண். இப்போது முகம். தூக்கும் முன் துண்டால் சுற்றித்தான் தூக்குவது.

எழுத ஆரம்பித்ததால் மற்றதையும் கொட்டிவிடுகிறேன். காய்ச்சல் என்றால் வேண்டாம். தடுப்பூசி போட்ட தொடையை இரண்டு மூன்று நாள் தொடாதீர்கள். தொப்புள்கொடி விழுந்து காயும்வரை வயிற்றுப் பக்கம் போகாதீர்கள். மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் ஒரு சொட்டு எண்ணெய்கூட வேண்டாம், மூக்கு எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் ஒரு வகை நிமோனியா வரும், விளையாட்டு இல்லை. மூட்டுகளை இழுத்துச் சொடக்கு எடுப்பது கூடாது. உச்சிக்குழியை அமுக்காதீர்கள். வயிற்றை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக வட்டமாகத் தடவுங்கள், பெருங்குடல் போகிற வழி அதுதான்.

பிப்ரவரி 16, காலை 8.00

யாருடைய வலப்பக்கம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். குழந்தையின் வலப்பக்கம். எதிரே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது இடப்பக்கம். குழந்தையின் வயிற்றில் ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது, அதை நீங்கள் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், முள் போகிற திசை. நான் முதல் வாரம் எதிர்த்திசையில் செய்தேன் என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி 19, இரவு 10.30

எண்ணெய் பற்றிக் கேட்டவர்களுக்கு. எது இயற்கையோ அது நல்லது என்று முதல் பிள்ளைக்கு ஆலிவ் எண்ணெய் வாங்கிவைத்தேன். இப்போது வாங்க மாட்டேன். ஆலிவ் எண்ணெயில் ஒலீயிக் அமிலம் அதிகம், அது தோலின் மேலடுக்கைத் தளர்த்தக்கூடியது. பெரியவர்கள் தோலில் செய்த ஆய்வு ஒன்று 2013இல் இதைக் காட்டியது. அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய் அந்தத் தொந்தரவைச் செய்யவில்லை. சரி, சூரியகாந்திதான் என்று முடிவுகட்டி இங்கே எழுத உட்கார்ந்தபோது மான்செஸ்டரில் 115 பச்சிளம் குழந்தைகளிடம் செய்த ஆய்வு கண்ணில் பட்டது, 2016இல் வந்தது. நான்கு வாரம் ஆலிவ், சூரியகாந்தி, எதுவுமே இல்லாமல் என்று மூன்று பிரிவு. எண்ணெய் தடவிய இரு பிரிவிலும் ஈரப்பதம் கூடியது. ஆனால் தோலின் கொழுப்பு அடுக்கு சீராக அமைவது எண்ணெய் தடவாதவர்களைவிடப் பின்தங்கியிருந்தது. ஆக சூரியகாந்திக்கும் முழு மதிப்பெண் இல்லை.

கடுகெண்ணெய் வேண்டாம், சுண்டெலிகளில் அது தோலின் தடுப்பு அடுக்கு பழையபடி தேறுவதைத் தாமதப்படுத்தியது. நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளைப் புண்ணான, சிவந்த தோலில் பூசிய குழந்தைகளுக்குப் பின்னால் கடலை ஒவ்வாமை அதிகம் வந்ததாக 2003இல் ஓர் ஆய்வு சொன்னது.

நான் இப்போது என்ன செய்கிறேன்? முதல் மாதம் வெறும் கை, உடுப்பு மேலேயே. அதற்கப்புறம் வாசனை இல்லாத எண்ணெய் நாலே சொட்டு, என் உள்ளங்கை வழுக்குவதற்கு மட்டும். எண்ணெய் கைக்கு, குழந்தைக்கு இல்லை. புது எண்ணெய் என்றால் முதலில் முன்கையில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். கரப்பான் (எக்சிமா) இருக்கிற குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

மார்ச் 2, இரவு 11.50

ஒரு தவறு. பெரிய தவறு.

மகளுக்கு ஜன்னல் திரை மேல் அப்படியொரு ஆசை என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மசாஜ் ஆரம்பித்து மூன்று, நான்கு நிமிடத்தில் தலையைத் திருப்பித் திரையைப் பார்ப்பாள். திரையில் பூப் போட்டிருக்கும். பூவை ரசிக்கிறாள், கலாரசனை என்று நான் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் விக்கல் வரும். பிறகு கொட்டாவி. பிறகு விரல்கள் விரியும். பிறகு "திடீரென்று" அழுவாள். எதுவுமே இல்லாமல் அழுகிறாள் பார் என்பேன்.

இன்று திரை துவைக்கப் போயிருந்தது. வெறும் ஜன்னல், வெளியே இருட்டு. அவள் அதே நேரத்தில், அதே பக்கம் தலையைத் திருப்பினாள்.

திரையை அல்ல, என்னைப் பார்க்காமல் இருக்கத்தான் திருப்பியிருக்கிறாள். "போதும், கொஞ்சம் விடு" என்று ஒன்பது வாரக் குழந்தை வேறு எப்படிச் சொல்லும்? முகம் திருப்புவது, விக்கல், கொட்டாவி, விரல் விரிவது, முதுகு வில்லாக வளைவது எல்லாம் ஒரே பேச்சின் வெவ்வேறு வரிகள். விக்கலும் கொட்டாவியும் சும்மாவும் வரும், ஆனால் இந்த வரிசையில் வந்தால் அர்த்தம் உண்டு. இதே விரல் விரிப்பை ஆறு வருடம் முன்னால் இன்குபேட்டருக்குள் பார்த்தவன் நான். மேலே பிப்ரவரி 4 குறிப்பில் நானே எழுதியிருக்கிறேன், "நட்சத்திரம் போல" என்று. எழுதிவிட்டு மறுநாள் அதே விரல்களைக் கவனிக்காமல் தேய்த்திருக்கிறேன்.

தலையைத் திருப்பியதும் கையை எடுக்காமல், அசைக்காமல் வைத்திருந்தேன். இருபது வினாடி இருக்கும். திரும்பி வந்தாள். என்னைப் பார்த்தாள். உதடு ஒருமுறை குவிந்தது. மறுபடி ஆரம்பித்தேன். இப்படி மூன்று முறை போய் மூன்று முறை வந்தாள். அழவே இல்லை.

மார்ச் 3, காலை 6.45

தூங்கி எழுந்து படித்தேன், "பெரிய தவறு" என்பது கொஞ்சம் அதிகம். இருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 6இல் "காரணம் எடை இல்லை" என்று எழுதிவிட்டுக் காரணத்தைச் சொல்லாமல் விட்டேன். அப்போது எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. டயபர் மாற்றும்போது நான் டயபரைப் பார்க்கிறேன். பால் புட்டி கொடுக்கும்போது அளவுக் கோட்டைப் பார்க்கிறேன். தூங்க வைக்கும்போது கடிகாரத்தை. மசாஜின்போது மட்டும்தான் பார்ப்பதற்கு வேறெதுவும் இல்லை, கையில் எண்ணெய் இருப்பதால் போனையும் எடுக்க முடியாது. நாலு சொட்டு எண்ணெயின் உருப்படியான பலன் அதுவாகக்கூட இருக்கலாம்.

மார்ச் 5, இரவு 10.05

மேலே எழுதியதை மனைவியிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அம்மாக்கள் கண்டிப்பா செய்யணும்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றாள்.

பெரியவன் பிறந்த சமயம் அவளுக்கு மனச்சோர்வு இருந்தது. எனக்கு அந்தப் பெயர் அப்போது தெரியாது, களைப்பு என்று நினைத்தேன். அவனைத் தூக்குவாள், பால் கொடுப்பாள், எல்லாம் சரியாகச் செய்வாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். அந்த நேரத்தில் யாரோ "மசாஜ் செய்து பார், பாசம் பொங்கும்" என்றார்கள். பொங்கவில்லை. செய்ய வேண்டிய வேலைகளில் இன்னொன்று சேர்ந்தது, அதிலும் தோற்றுவிட்டோம் என்ற எண்ணம் சேர்ந்தது. மருத்துவரிடம் போன பிறகுதான் மெல்ல மெல்லச் சரியானது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்த தாய்மாரை லண்டனில் வாரம் ஒரு மசாஜ் வகுப்பு என்று ஐந்து வாரம் வரவைத்துப் பார்த்தார்கள், 2001இல் வெளியானது. வகுப்புக்கு வந்தவர்களுக்குக் குழந்தையோடு பழகும் விதம் மேம்பட்டது. சின்ன ஆய்வு. ஆனால் அது வகுப்பு. கூட நாலு அம்மாக்கள், குழந்தை இப்போது என்ன சொல்கிறது என்று காட்டித் தர ஒருவர். நடுராத்திரியில் தனியாக உட்கார்ந்து தேய்ப்பது அதே மருந்து ஆகாது. கேள்வி கேட்டவர் "நானும் சேர்ந்து அழுகிறேன்" என்று எழுதியிருந்தார். நாங்கள் எல்லாரும் எண்ணெய் பற்றிப் பேசப் போய்விட்டோம். அந்த அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தயவுசெய்து மசாஜை விட்டுவிட்டு முதலில் உங்களுக்காக ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

இந்த முறை எங்கள் வீட்டு ஏற்பாடு மனைவி சொன்னது: "நீங்க தேயுங்க, நான் தூங்குறேன்." அந்த நாற்பது நிமிடத் தூக்கத்துக்கு எந்த ஆய்வும் தேவையில்லை.

மார்ச் 17, மாலை 6.30

வெற்றிச் செய்தி. ஜனவரி கடைசியில் இருந்து மகள் எவ்வளவு நேரம் அழுகிறாள் என்று நோட்டில் குறித்து வருகிறேன். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் வரை போனது. இப்போது ஒன்றரை. வயிற்று மசாஜ் வேலை செய்கிறது!

மார்ச் 17, இரவு 11.15

மேலே உள்ளதை வாபஸ் வாங்குகிறேன்.

பெரியவனின் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அவனுக்கும் இதே மலை. ஏறி, உச்சிக்குப் போய், இறங்கியிருக்கிறது. பிறந்த தேதியிலிருந்து எண்ணினால் தள்ளிப்போய்த் தெரிகிறது, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணினால் உச்சி சரியாக ஆறாவது வாரம். அவனுக்கு நான் வயிற்று மசாஜ் செய்ததே இல்லை.

பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் 1962இலேயே 80 குழந்தைகளின் அழுகையைப் பெற்றோரைக் குறிக்கச் சொல்லி இந்த மலையை வரைந்துவிட்டார். ஆறாவது வாரத்தில் உச்சி, ஒரு நாளைக்கு இரண்டே முக்கால் மணி நேரம் போல. பிறகு இறக்கம், மூன்று நான்கு மாதத்தில் தணிந்துவிடும். ஆறாவது வாரத்தில் நீங்கள் எதைத் தொடங்கினாலும் அது பலன் கொடுத்த மாதிரிதான் தெரியும். மசாஜ், சொட்டு மருந்து, கட்டிலைத் திருப்பிப் போடுவது, எதுவானாலும்.

இருந்தாலும் வயிற்றில் கை வைத்ததும் அவள் காற்று பிரிவது உண்மை. அதை வாபஸ் வாங்க மாட்டேன். சாட்சி உண்டு, பெரியவன் பக்கத்து அறையிலிருந்து கேட்டு உருண்டு உருண்டு சிரித்தான்.

ஏப்ரல் 8, இரவு 10.40

"ஒட்டுதல்" என்ற சொல்லை இத்தனை நாள் சும்மா உருட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு இருக்கிறது. பெற்றவருக்குப் பிள்ளை மேல் வருவது ஒன்று, பிள்ளைக்குப் பெற்றவர் மேல் வருவது ஒன்று. இரண்டும் ஒரே நாளில், ஒரே வேகத்தில் வருவதில்லை. பிள்ளையின் பக்கம் மாதக்கணக்கில் ஆகும். ஆறு, ஏழு மாதத்துக்குப் பிறகு நம்மைத் தேடி அழும்போதுதான் வெளியே தெரியும்.

பெற்றவர் பக்கத்தில் ஒரு பழைய பயமுறுத்தல் உண்டு. கிளவுஸ், கென்னல் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1972இல் 28 தாய்மாரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு முதல் மூன்று நாளில் 16 மணி நேரம் கூடுதலாகக் குழந்தையைக் கொடுத்தார்கள். அவர்கள் பின்னாளில் குழந்தையோடு அதிகம் நெருக்கமாக இருந்தார்கள் என்றதும், பிறந்த முதல் சில மணி நேரத்தைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு என்று ஊர் பேசத் தொடங்கியது. நல்லதும் நடந்தது, குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைக்கும் வழக்கம் பல மருத்துவமனைகளில் தளர்ந்தது. ஆனால் அந்தக் குறுகிய காலக்கெடு பின்னால் வந்த ஆய்வுகளில் நிற்கவில்லை. அவர்களே பிறகு அதைத் தணித்துத்தான் பேசினார்கள்.

எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பெரியவனின் முதல் மூன்று வாரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனது. போச்சு என்றுதான் நினைத்தேன். இப்போது பார்த்தால் கதை தலைகீழ். பயத்திலேயே அவனை உற்றுப் பார்த்துப் பார்த்து, அவன் மூச்சுக்கூட எனக்கு மனப்பாடம். நிறைமாதமாக, ஒரு குறையும் இல்லாமல் வந்தவளிடம்தான் முதல் மாதம் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நல்ல குழந்தை, சரி, என்ற அளவில்தான் இருந்தேன். அவள் தலையைத் திருப்பிய நாள்தான்... இதை மார்ச் 2 குறிப்பில் எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 9, காலை 7.20

பாசத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஆக்சிடோசின் ஹார்மோன் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். அந்தப் பெயரைப் போட்டால் எதையும் விற்கலாம் என்றாகிவிட்டது, அதனால்தான். இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழுவினர் 2010இல் வெளியிட்டதில் ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கும். முதல் ஆறு மாதத்தில் அப்பாக்களின் ஆக்சிடோசின் அளவு அம்மாக்களின் அளவுக்குக் குறையவில்லை. அம்மாக்களில் அது கொஞ்சல், வருடலோடு சேர்ந்து போனது. அப்பாக்களில் தூக்கிப் போட்டு விளையாடுவது, கை கால் ஆட்டுவது போன்றவற்றோடு. எது எதற்குக் காரணம் என்று அது சொல்லவில்லை. ஆனால் அப்பாக்களே, தடவத் தெரியவில்லை என்றால் சைக்கிள் மாதிரி கால் மிதிக்க வையுங்கள், போதும்.

ஏப்ரல் 21, இரவு 9.10

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருப்பது மகிழ்ச்சி. மருத்துவரைப் பார்த்ததும் மகிழ்ச்சி. "கால் மட்டும் விடுகிறான், கையைத் தொட்டால் இழுத்துக்கொள்கிறான், மார்பு பக்கம் போகவே முடியவில்லை" என்கிறார். அப்படியானால் கால் மட்டும் செய்யுங்கள். நிறையக் குழந்தைகளுக்குக் காலில் ஆரம்பிப்பதுதான் எளிது. முகத்துக்கும் மார்புக்கும் தூரம், மிரட்சி குறைவு. இழுத்துக்கொள்கிற கையைப் பிடித்து நீட்டாதீர்கள். அது அவன் கை.

செப்டம்பர் 14, இரவு 10.25

இன்னும் யாரோ இதைப் படிக்கிறார்கள் போல, நேற்று ஒரு கேள்வி வந்திருந்தது: எத்தனை வயதுவரை செய்வது?

சின்னவளுக்கு எட்டரை மாதம். நிறுத்திவிட்டாள், நான் நிறுத்தவில்லை. துண்டை விரித்தால் மறுமுனை வழியாகத் தவழ்ந்து போய்விடுகிறாள். ஒரு பாதம் கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். எண்ணெய்ப் புட்டி பாதி அப்படியே நிற்கிறது.

பெரியவன்தான் இப்போது வாடிக்கையாளர். தங்கைக்கு மட்டும் என்ன என்று ஏப்ரலில் ஆரம்பித்தான். எண்ணெய் வேண்டாமாம், முதுகு மட்டுமாம். சட்டையைத் தூக்கிக்கொண்டு குப்புறப் படுப்பான், நான் விரலால் முதுகில் எழுத்து எழுத வேண்டும், அவன் கண்டுபிடிக்க வேண்டும். நேற்று மூன்று சுழி ண எழுதினேன். "ரெண்டு சுழி ன" என்றான். இல்லை, மூன்று என்றேன். "நீங்க வேகமா எழுதுறீங்கப்பா, சுழி தெரியல. திரும்ப எழுதுங்க, மெதுவா."

எழுதினேன். மூன்றாவது சுழி வரும்போது தூங்கியிருந்தான்.